செக்ரோலில் இருந்த சண்முகத்தாய்

காமயகவுண்டன்பட்டி
19.7.1984

அன்புத் தங்கச்சி பவுனுக்கு அக்கா சண்முகத்தாய் எழுதுவது.

இங்கு நான் சுகம் என்று எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. முந்தாநாள் மத்தியானம் நான் செத்துப்போனதாகத் தந்தி வந்திருக்கிறது.

திராட்சைத் தோட்டத்தில் இலை கிள்ளிவிட்டுச் சோற்றுக்கு வந்தேன். கம்பத்திலிருந்து வந்த தந்திக்காரர், என்னைத் தெரியாதவர், வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "வீட்ல வேற ஆள் யாரும் இல்லயா?" என்றார். "என் வீட்ல வேற யாரு இருக்கா? என்னத்தக் கொண்டாந்திருக்கீக, சொல்லுங்க" என்றேன். இங்கிலீசில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். "ஆத்தா, சண்முகத்தாய் எறந்துபோச்சாம். ஒடனே கெளம்பி வரணுமாம்" என்றார். "நான் எங்க கெளம்ப? சுடுகாட்டுக்கா?" என்றேன். அடுத்த வீட்டு இருளம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாயந்தரம் வரைக்கும் தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தந்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் மலைப் பக்கம், பீருமேட்டிலிருந்து அடித்திருக்கிறதாம், எஸ்டேட் பேர் இல்லையாம். நம் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் அந்த மலையில்தானே கிடக்கிறார்கள். அதில் எத்தனை சண்முகத்தாய் இருப்பார்களோ. விலாசத்தை மாற்றி அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சிரித்தேனே தவிர, ராத்திரி படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. யாரோ ஒருத்தி செத்தது நிஜம்தானே. அவளுடைய சனங்களுக்குத் தகவல் போயிருக்காது. அங்கே பிரேதத்தை வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பார்கள். யூனியன்காரரிடம் சொல்லி, அது எந்த ஊர்ச் சண்முகத்தாய் என்று விசாரித்து எழுது. பாவம், என் பேரை வைத்துக்கொண்டவள்.

மழை பலமாக இருக்கிறது என்கிறார்கள். சரிவுப் பக்கம் போகாதே.

அக்கா
சண்முகத்தாய்


ஆனைக்கல் எஸ்டேட்
22.7.1984

பெரியம்மாவுக்கு சொர்ணலதா எழுதிக்கொள்வது.

அம்மாவுக்கு எழுதுவதையும் நீங்கள் அப்பா பேருக்குத்தானே போடுவீர்கள், அந்தக் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். உங்கள் கடிதத்தையும் நான்தான் சத்தமாக வாசித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அந்தச் சண்முகத்தாய் யாரென்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அது அம்மாதான்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலையில் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்து மண் மொத்தமாக இறங்கிவிட்டது. அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் அதற்குள் போய்விட்டார்கள். அம்மாவை எடுக்கும்போது சாயந்தரம் நான்கு மணி. ஆபீசில் செக்ரோல் பதிவேட்டைப் பார்த்து சொந்த ஊர் விலாசத்துக்குத் தந்தி அடித்தார்கள். பதிவேட்டில் அம்மாவுக்கு என்ன பேர் என்று உங்களுக்குத் தெரியாதா பெரியம்மா? இருபது வருடமாக செக்ரோலில் அம்மா உங்கள் பேரில்தானே வேலை செய்தாள்.

குமுளி பஸ் வரும்போதெல்லாம் அப்பா இருமிக்கொண்டே வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மதினி வராம இருக்க மாட்டாக, இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்று எல்லோரையும் நிறுத்தி வைத்தார். பதினெட்டாம் தேதி சாயந்தரம் வரைக்கும் காத்திருந்தோம். அதற்கு மேல் வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதைத்துவிட்டோம்.

நாங்கள் காத்திருந்த நேரத்தில் அங்கே தெருவே சிரித்திருக்கிறது.

இன்னொன்று. பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் வர வேண்டாம். அப்பா சொல்லச் சொன்னார். இங்கே பழைய ஆட்களில் உங்கள் முகம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆபீஸ் ஆட்கள் முன்னால் யாராவது ஒருத்தி உங்களைச் சண்முகத்தாய் என்று கூப்பிட்டால் எங்கள் கதி அதோடு முடிந்தது.

சொர்ணலதா


காமயகவுண்டன்பட்டி
25.7.1984

சொர்ணம்,

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. "அது அம்மாதான்" என்கிற இடத்துக்கு மேல் கண் போகவில்லை. அழுகையும் வரவில்லை. வாயைத் திறந்தால் அன்றைக்குச் சிரித்த சிரிப்புதான் காதில் கேட்கிறது.

நான் மறந்துவிட்டேன் மகளே. இதை எப்படிச் சொன்னால் நீ நம்புவாய்? எனக்கு அவள் பவுனு. மலையில் இருந்தாலும் பவுனு, பிள்ளை பெற்றாலும் பவுனு. அங்கே அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அறுபத்து நாலாம் வருடம் அங்கே வேலையில் இருந்தது நான். ஏழு மாத வயிற்றோடு பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பினேன். கங்காணி கூப்பிட்டு, "பேர விட்டுட்டுப் போனா திரும்பக் கெடைக்காது. ஒன் தங்கச்சிய ஒன் பேருல நிறுத்திட்டுப் போ, நாலஞ்சு மாசந்தானே" என்றார். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் அவள் பேரில் அக்காளோ தங்கச்சியோ நிற்பாள். நானும் நிறுத்தினேன். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. உன் பெரியப்பா என்னைத் திரும்ப மலைக்கு அனுப்பவில்லை. பவுனு அங்கேயே உன் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஒரு தடவை வந்தபோது, "அக்கா, ஒன் பேரப் பத்திரமா வச்சிருக்கேன், எப்ப வேணாலும் வந்து வாங்கிக்க" என்று கேலி பேசினாள்.

அந்தப் பேரோடு அவளைப் புதைத்துவிட்டீர்கள். கூடப் பிறந்தவளுக்கு அவள் பேரைச் சொல்லி ஒரு பிடி மண் போட ஆளில்லை. நீ என்னை வராதே என்கிறாய். என்ன பிள்ளை நீ.

முப்பத்தொன்றாம் தேதி வருகிறேன். வந்ததும் முதல் வேலையாக ஆபீசுக்குப் போய், செத்தது பவுனு, கருத்தக்கண்ணன் மகள் பவுனு என்று எழுதி வாங்கப்போகிறேன். அதைத் தடுக்க உனக்கும் உரிமை இல்லை, உன் அப்பாவுக்கும் இல்லை.

சண்முகத்தாய்


ஆனைக்கல் எஸ்டேட்
28.7.1984

பெரியம்மா,

இந்தக் கடிதம் நீங்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். வாசித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அப்பா மூன்று வருடமாக வேலையில் இல்லை. நெஞ்சு கெட்டுப்போனதால் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். அம்மா பேரில்தான் எஸ்டேட் லயத்து வரிசையில் எங்களுக்கு வீடு. வேலையில் செத்தவர்களுக்கு நஷ்டஈடு உண்டு, பிராவிடண்ட் பண்டு உண்டு, குடும்ப பென்சனும் உண்டு. எல்லாவற்றையும்விட, வாரிசுக்கு ஒரு வேலை உண்டு. எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. "மோளே, வாரிசுப் பேப்பர் சரியா வந்தா உன்ன ரோல்ல எடுத்துரும், வீடும் உங்களுக்கே" என்று பெரிய கிளார்க் சொன்னார். வேலை இல்லையென்றால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இதெல்லாம் சண்முகத்தாய் குடும்பத்துக்கு. பவுனு என்று ஒருத்தி இந்த மலைக்கு வந்ததாகவே ஆபீசில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இனிமேல் எழுதப்போவதை உங்களுக்கு எழுதும் நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பேப்பரெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். அம்மாவின் பண்டு பாரத்தில் "சண்முகத்தாய், புருசன் தங்கபாண்டி" என்று இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். பிரசவ லீவுச் சம்பளம் வர வேண்டுமே, அதனால் அங்கேயும் அம்மா அந்தப் பேரைத்தான் கொடுத்திருக்கிறாள். என் பிறப்பு சர்டிபிகேட்டில் தாய் பேர் சண்முகத்தாய். தம்பிக்கும் அதுதான், தங்கச்சிக்கும் அதுதான். பேப்பர்ப்படி எங்கள் மூவரையும் பெற்றது நீங்கள்தான் பெரியம்மா.

நீங்கள் ஆபீசில் வந்து நின்று நான்தான் சண்முகத்தாய் என்று சொன்னால், அம்மா இருபது வருடம் ஆள்மாறாட்டம் செய்தாள் என்று ஆகிவிடும். அம்மாவுக்குப் பேர் கிடைக்கும். எங்களுக்கு இடம் கிடையாது.

வாரிசு விவரம் சரிதானா என்று இங்கிருந்து உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்து உங்கள் ஊர் கிராம அதிகாரி விசாரிக்க வருவாராம். சண்முகத்தாய் மலையில் இறந்துவிட்டாள் என்று சொன்னால் போதும். கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும்.

சொர்ணலதா


காமயகவுண்டன்பட்டி
13.8.1984

சொர்ணலதாவுக்கு,

முப்பத்தொன்றாம் தேதி காலையில் கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டேன். கிளம்புகிற நேரத்தில் கிடைத்த உன் கடிதத்தைப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வாசித்தேன். இறங்கிவிட்டேன். என் தங்கச்சியின் பதினாறாம் நாள் நான் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே பதில் எழுதாததற்குக் காரணம், என் வாயில் வந்ததெல்லாம் எழுதக்கூடாத வார்த்தைகள். இப்போது அதையும் எழுதும்படி ஆகிவிட்டது.

நேற்று தலையாரி பிச்சைமணி வந்தார். சின்ன வயதிலிருந்து நம் வீட்டைத் தெரிந்தவர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "ஆத்தா, புது வி.ஏ.ஓ. மேசையில ரெண்டு பேப்பர் கெடக்கு. ஒண்ணு, சண்முகத்தாய், விதவை, மாசாமாசம் பென்சன் வாங்குது. இன்னொண்ணு மலையில இருந்து வந்திருக்கு. அதே சண்முகத்தாய், அதே கருத்தக்கண்ணன் மக, இருவது வருசமா எஸ்டேட்ல வேல, புருசன் உசுரோட இருக்காரு, புள்ள மூணு, போன மாசம் செத்துப்போச்சுன்னு. 'விதவைன்னு ஏமாத்திப் பணம் வாங்குனவ யாருய்யா?'ன்னு அய்யா கேக்காக. நான் வாயத் தெறக்கல" என்றார்.

உன் பெரியப்பா சுயம்புலிங்கம் தென்னையிலிருந்து விழுந்து செத்து நான்கு வருடம் ஆகிறது. விதவைப் பென்சனுக்கு நான் எத்தனை நாள் நடந்தேன் என்று உனக்குத் தெரியாது. பிள்ளை இல்லை, காடு இல்லை, தாங்குவதற்கு ஆள் இல்லை என்று ஒவ்வொரு மேசையிலும் நின்று என் வாயால் சொன்னேன். மாதம் பிறந்தால் தபால்காரர் "சண்முகத்தாய், சுயம்புலிங்கம் சம்சாரம்" என்று வாசலில் நின்று வாசிப்பார். அந்த மனுசன் பேரை யாராவது சத்தமாகச் சொல்வது மாதத்தில் அந்த ஒரு நாள்தான்.

உன் அம்மா என் பேரை எடுத்துக்கொண்டாள், சரி, நான் கொடுத்தது. என்னை உன் அப்பாவுக்குப் பெண்டாட்டியாக எழுதி வைக்கச் சொன்னேனா? நான் புருசனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வெள்ளைச் சேலையோடு நிற்கிறேன். பேப்பரில் எனக்கு வேறு புருசன், மூன்று பிள்ளை. கேட்டதிலிருந்து உடம்பெல்லாம் கூசுகிறது.

ரேசன் கார்டு விசயமும் இருக்கிறது. எங்கள் அய்யா கருத்தக்கண்ணன் காலத்திலிருந்து அதில் எங்கள் இருவர் பேரும் இருக்கிறது. அவள் மலைக்குப் போன பிறகும் நான் வெட்டவில்லை. சீனியும் அரிசியும் கூடக் கிடைக்கிறதே என்று வைத்திருந்தேன். அங்கே அவள் என் பேரை வைத்திருந்தாள். இங்கே நான் அவள் பேரை வைத்திருந்தேன். கேரளா சர்க்காருக்கும் நம் சர்க்காருக்கும் நடுவில் நாங்கள் செய்த கெட்டிக்காரத்தனம் இது.

அடுத்த புதன்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, வி.ஏ.ஓ. வருகிறார். வடுகபட்டிப் பக்கத்து ஆள், வைகுண்டராஜ் என்று பேர். வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, என் முகம் தெரியாது. நான் உண்மையைச் சொல்லப்போகிறேன். இதை உனக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சண்முகத்தாய்


ஆனைக்கல் எஸ்டேட்
18.8.1984

பெரியம்மா,

நீங்கள் பென்சன் வாங்குவது எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

உண்மையையே சொல்லுங்கள். உங்களைத் திருடியாக்கிவிட்டு எனக்கு வேலை வேண்டாம். பெரிய கிளார்க் லீவில் இருக்கிறார். இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை வருவார். அன்றைக்கு நானே போய், செத்தது பவுனு என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் சாமான்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வீட்டைக் காலி செய்த பிறகு ஒரு மாதம் உங்கள் வீட்டில் தங்க இடம் தருவீர்களா? நான் ஏலக்காட்டுக்குத் தினக்கூலிக்குப் போவேன். தம்பியின் படிப்பை நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அம்மா உங்கள் பேரைத் திருட்டுத்தனமாக வைத்திருக்கவில்லை. பயந்துகொண்டுதான் வைத்திருந்தாள். யூனியனில் ஒரு தடவை பேர் திருத்துவதற்கு மனு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்த ஒருத்தியை விசாரணை என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன வருடம் குமுளியில் யாரோ ஊர்க்கார அம்மா, "ஏ பவுனு, பவுனு" என்று பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மா திரும்பவே இல்லை. நான் கையைப் பிடித்து, "ஒன்னத்தாம்மா கூப்புடுறாக" என்றேன். அப்படியே நடுரோட்டில் நின்றுவிட்டாள். "எனக்கு எம் பேரே காதுல விழலடி" என்றாள்.

திங்கட்கிழமை போய்ச் சொன்ன பிறகு எழுதுகிறேன்.

சொர்ணலதா


காமயகவுண்டன்பட்டி
22.8.1984

மகள் சொர்ணலதாவுக்கு,

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகாதே. இங்கே காரியம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ ஒரு வார்த்தை மாற்றாமல் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் நாம் இருவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. இரவு முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்தபோதும் உண்மையைச் சொல்வது என்றுதான் இருந்தேன். இடையில் வேறு ஏதாவது நினைத்தேன் என்றால் பொய்.

பத்து மணிக்கு வி.ஏ.ஓ. வந்தார், கூடவே பிச்சைமணியும். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ரேசன் கார்டைக் கேட்டார். கொடுத்தேன். அதிலிருந்த எங்கள் இருவர் பேர் மேலும் விரலை வைத்து, "சண்முகத்தாய், பவுனு. இதுல நீ யாரும்மா?" என்றார்.

வாயைத் திறந்தேன். குமுளி ரோட்டில் அவள் நின்றது கண்ணில் வந்தது. "பவுனு" என்றேன்.

சொல்லிவிட்டு நானே அரண்டுபோனேன். பிச்சைமணி தலையைக் குனிந்துகொண்டார். இருளம்மாள் ஏதோ சொல்ல வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். வி.ஏ.ஓ. "அப்ப சண்முகத்தாய்?" என்று கேட்டதுதான் தாமதம், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "எங்கள விட்டுட்டுப் போயிட்டயே சண்முகத்தாயி" என்று இருளம்மாள் ஒப்பாரி வைத்துவிட்டாள். நான் உயிரோடு பக்கத்தில் நிற்கிறேன், என் பேரைச் சொல்லி மாரில் அடித்துக்கொள்கிறாள். பின்னால் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உன் அம்மாவுக்காக இத்தனை நாள் வராத அழுகை. அவள் பேரைச் சொல்ல முடியாமல், என் பேரைச் சொல்லியே அழுதேன்.

வி.ஏ.ஓ. அதோடு விடவில்லை. "அப்ப சண்முகத்தாய் பேருல விதவைப் பென்சன் வாங்குனது?" என்றார். "நாந்தான். அக்கா பேரச் சொல்லி ஏமாத்தி வாங்குனேன்" என்றேன். எழுதிக்கொண்டார். "சுயம்புலிங்கம்னு புருசன் பேரு போட்டிருக்கே, அவரு யாரு?" என்றார். சண்முகத்தாய்க்குப் புருசன் உன் அப்பா என்றால், சுயம்புலிங்கம் அவளுக்குப் புருசனாக இருக்க முடியாதே. இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை மகளே. "எங்கூட இருந்தாக" என்றேன். "தாலி கட்டுனாரா?" என்றார்.

இல்லை என்றேன்.

இருபத்திரண்டு வருடம் அந்த மனுசனோடு குடும்பம் நடத்தினேன். கட்டின கை எரிந்து நான்கு வருடம்தான் ஆகிறது. தெருவே கேட்க, கட்டவில்லை என்று சொன்னேன். வி.ஏ.ஓ. என்னை நிமிர்ந்து பார்க்காமல் மை தடவிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லவில்லை, வைத்தேன். வாங்கின பணத்தைக் கட்டச் சொல்லித் தாக்கீது வருமாம். திராட்சைத் தோட்டத்துக் கூலி இருக்கிறது, கட்டிக்கொள்கிறேன். கேஸ் போட மாட்டார் என்று பிச்சைமணி சொல்கிறார். கார்டில் சண்முகத்தாய் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். உங்கள் வாரிசுப் பேப்பரில் அங்கேயே கையெழுத்துப் போட்டுப் பிச்சைமணியிடம் கொடுத்துவிட்டார்.

அவர் போன பிறகு இருளம்மாள் சோறு கொண்டுவந்தாள். "என்னன்னு கூப்புடுறது இனி?" என்று கேட்டாள். சோற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நீ வேலையில் சேர்ந்துகொள். உன் பேரைச் சரியாக, உன் வயதைச் சரியாக எழுதச் சொல். எவளுக்கும் ஒரு நாளைக்குக்கூட அதைக் கொடுக்காதே. தம்பியின் படிப்பை நிறுத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இனிமேல் என்னை வராதே என்று சொல்ல யாருக்கும் வழி இல்லை. என் முகம் தெரிந்த பழைய ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வை. புதைத்த இடத்தைக் காட்டு. ஆபீஸ் ஆள் யாராவது நான் யாரென்று கேட்டால், செத்துப்போன சண்முகத்தாயின் தங்கச்சி வந்திருக்கிறாள் என்று சொல்.

பவுனு